கண்வலிக்கிழங்கு: கார்த்திகைப் பூவும் கோடைச் சேமிப்பும்

ஐப்பசி மழை இரண்டு பாட்டம் பெய்து ஓய்ந்ததும் வேலியோரங்களில் செங்காந்தள் பூக்கத் தொடங்கிவிடும். அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக இதழ்களை மேல்நோக்கி மடித்துக்கொண்டு நிற்கும் இந்தப் பூவைக் கார்த்திகைப் பூ என்றும், கண்வலிப் பூ என்றும் சொல்வார்கள். உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்பது கிராமத்து நம்பிக்கை. மண்ணுக்கடியில் இதன் கிழங்கு கலப்பை போல் வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்ற பெயரும் உண்டு. தமிழ்நாட்டின் மாநில மலர் இதுதான்.

வேலியில் தானாக முளைத்துக் கிடந்த இக்கொடி இன்று திருப்பூர், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் செம்மண் காடுகளிலும், வேதாரணியம் பக்கத்து மணற்பாங்கான நிலங்களிலும் பணப்பயிராகச் சாகுபடி செய்யப்படுகிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பகுதி விவசாயிகளுக்கு இப்பயிரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பூவையும் விதையையும் கவனிக்கும் அளவுக்கு நாம் கிழங்கைக் கவனிப்பதில்லை. விதைக்கு நல்ல விலை கிடைத்த ஆண்டில்கூட, எடுத்து வைத்த கிழங்கில் பாதி அழுகி, மறு நடவுக்குக் கடன் வாங்கி விதைக்கிழங்கு தேடும் நிலை சிலருக்கு ஏற்படுகிறது. அந்த நட்டத்தைத் தவிர்க்கும் வழிகளை இங்கே பார்ப்போம்.

இந்தப் பயிருக்கு ஏன் கிராக்கி?

கண்வலிக்கிழங்கின் விதையிலும் கிழங்கிலும் கோல்சிசின் என்னும் மருந்துப் பொருள் இருக்கிறது. ஐரோப்பாவில் விளையும் கோல்சிகம் என்ற செடியிலிருந்து 1820-ம் ஆண்டில் பெல்லெட்டியர், கவான்டூ என்ற இரு பிரெஞ்சு வேதியியல் அறிஞர்கள் இதை முதலில் பிரித்தெடுத்தார்கள். கவுட் எனப்படும் கடுமையான மூட்டுவலிக்கு இது நெடுங்காலமாகப் பயன்படும் மருந்து. புதுப் பயிர் ரகங்களை உருவாக்கும் ஆராய்ச்சியிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். 2023-ம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், இதய நோயாளிகளுக்கு மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கக் குறைந்த அளவு கோல்சிசினைத் தரவும் அனுமதி அளித்தது. நம் ஊர் விதை இந்த மருந்துக்காகவே வாங்கப்பட்டு வெளிநாடுகளுக்கும் போகிறது.

ஆனால் உள்ளூர்ச் சந்தையில் நாமே விற்றுக்கொள்ளும் காய்கறியல்ல இது. வாங்குவோர் சிலரே. ஆகவே விலை ஓர் ஆண்டு ஏறும், மறு ஆண்டு விழும். விலை நம் கையில் இல்லை. செலவு ஓரளவு நம் கையில் இருக்கிறது. அந்தச் செலவில் பெரும்பங்கு விதைக்கிழங்குக்கே ஆகிறது. கிழங்கைச் சொந்தமாகக் காப்பாற்றி வைத்திருப்பவர் விலை விழுந்த ஆண்டையும் தாங்கிக்கொள்வார். கிழங்கை விலைக்கு வாங்கி நடுபவர் தாங்குவது கடினம்.

கால் ஏக்கர்க் கணக்கு

ஒரு கணக்குப் பார்ப்போம். வரிசைக்கு வரிசை 2 அடி, கிழங்குக்குக் கிழங்கு ஒன்றரை அடி இடைவெளியில் நட்டால், 25 சென்டு நிலத்துக்கு ஏறக்குறைய 3,600 கிழங்குகள் வேண்டும். நடவுக்கு ஏற்ற கிழங்கு 50 முதல் 60 கிராம் எடை இருக்க வேண்டும். கிழங்கு 60 கிராம் என்று வைத்தால் சுமார் 215 கிலோ ஆகிறது. சேமிப்பில் நாலில் ஒரு பங்கு அழுகினால் 900 செடிகள் போயின. கிழங்கு விற்கும் விலையை இதோடு பெருக்கிப் பார்த்தால் நட்டம் எவ்வளவு என்பது அவரவருக்கே விளங்கும்.

நட்டம் அந்த ஆண்டோடும் நிற்பதில்லை. ஒரு கிழங்கு மண்ணுக்குள் எத்தனையோ குட்டி போடும் என்று எண்ணிவிடக் கூடாது. கலப்பை வடிவக் கிழங்கின் இரண்டு கைகளின் நுனியிலும் ஒவ்வொரு முளைக்குருத்துத்தான் உண்டு. ஒவ்வொரு குருத்தும் ஒரு கொடியாகி, அடியில் ஒரு புதிய கிழங்கை உண்டாக்கும். ஆக, ஒன்று இரண்டாவதே பெரிது. விதையை முளைக்கவைத்துப் பெருக்கலாமே என்றால், விதையிலிருந்து வரும் செடி பூக்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். எனவே இன்று அழுகும் ஒரு கிழங்கு, அடுத்த ஆண்டின் இரண்டு கிழங்குகளையும் சேர்த்துக் கொண்டுபோகிறது.

பூக்கும்போதே கிழங்கு உருவாகிறது

நாம் நட்ட கிழங்கு ஆண்டு முழுவதும் அப்படியே இருப்பதில்லை. அதிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டுதான் கொடி முளைக்கிறது. பிறகு பழைய கிழங்கு சுருங்கி வெறுந்தோலாகிவிடும். அதன் இடத்தில் புதிய கிழங்கு உருவாகும். கொடி பசுமையாக இருக்கும் மாதங்களில் இலைகள் தயாரிக்கும் உணவு ஒரு பக்கம் காய்க்கும், மறு பக்கம் கிழங்குக்கும் போகிறது. எனவே சேமிப்பின் முதல் வேலை ஐப்பசியிலேயே தொடங்குகிறது.

முதலாவது, வடிகால். வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலமும் கண்வலி பூக்கும் காலமும் ஒன்றாக வருகின்றன. ஒரு நாள் முழுதும் சாலில் தண்ணீர் நின்றால் பிஞ்சுக் கிழங்கு அழுகத் தொடங்கும். மேலே கொடி திடீரென்று மஞ்சளித்துச் சாய்வதை வைத்துத்தான் நமக்குத் தெரியவரும். மழைக்கு முன்பே தாழ்ந்த பக்கமாக வாய்க்கால் வெட்டி, வரிசைகளுக்கு மண் அணைத்துவிட வேண்டும். அழுகல் கண்ட செடியைக் கிழங்கோடு தோண்டி அப்புறப்படுத்தி, அந்த இடத்தில் ஒரு அடையாளக் குச்சி நட்டு வைக்க வேண்டும். கிழங்கு எடுக்கும்போது அந்தக் குச்சியைச் சுற்றியுள்ள கிழங்குகளை விதைக்கு வைக்கக் கூடாது.

இரண்டாவது, இலை. கருப்பு உடலில் சிவப்பும் வெள்ளையும் புள்ளிகளாகத் தெரியும் லில்லிப் புழுக்கள் இலையை மொட்டையடித்துவிடும். சிறு நிலமானால் காலையில் கையால் பொறுக்கி அழிப்பதே செலவில்லாத வழி. இலைப்பேன் தாக்குதலும், இலைக்கருகல் நோயும் மழைக்கு முன்னும் பின்னும் தலைகாட்டும். இலை போனால் காய் மட்டும் குறையாது, கிழங்கும் எடை குறையும்.

மூன்றாவது, உரம். தழை, மணி, சாம்பல் சத்துகள் எக்டேருக்கு முறையே 120, 50, 75 கிலோ என்பது பரிந்துரை. ஏக்கருக்கு 48, 20, 30 கிலோ ஆகிறது. மணிச்சத்து, சாம்பல் சத்து முழுவதையும் தழைச்சத்தில் பாதியையும் அடியுரமாக இட்டு, மீதித் தழைச்சத்தைப் பிரித்து மேலுரமாக இட வேண்டும். கொடி கருகருவென்று வளர்கிறதே என்று பூக்கும் காலத்தில் யூரியாவை அள்ளிப் போட்டால், கிழங்கு நீர் கோத்து, சேமிப்பில் எளிதில் கெடும்.

பூவில் கை வைக்கும் வேலை

இந்தப் பூவில் சூல்முடி ஒரு பக்கமாக வளைந்து விலகி நிற்கிறது. மகரந்தப் பைகள் எட்டி நிற்கின்றன. ஆகையால் தானாக மகரந்தம் சேர்வது குறைவு. வண்ணத்துப்பூச்சிகளும் தேன்சிட்டுகளும் ஓரளவு உதவும். வயலில் காய்ப்பிடிப்பு நன்றாக இருக்க வேண்டுமானால், காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குள் ஒரு பூவின் மகரந்தப் பையை எடுத்து, வேறு செடிப் பூவின் சூல்முடியில் தொட்டுவிட வேண்டும். மழைத் தூறலில் இந்த வேலை பலிக்காது. வெயில் காணும் காலைப் பொழுதை வீணாக்காமல் ஆள் விட வேண்டும்.

இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள். செடி முழுவதும் நஞ்சு என்பதால், வேலை முடியும் வரை கண்ணைக் கசக்கக் கூடாது. சாப்பிடுவதற்கும் வெற்றிலை போடுவதற்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவியே ஆக வேண்டும். நிலத்துக்காரர் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வரப்பில் வைத்துவிட்டால் போதும்.

காய் பறித்த பிறகு அவசரம் வேண்டாம்

நடவு செய்து 160 முதல் 180 நாட்களில், அதாவது மார்கழி, தையில், காய்கள் முற்றும். இளம்பச்சை கரும்பச்சையாக மாறி, காயின் தோல் சுருங்கத் தொடங்குவதே பறிக்கும் பக்குவம். பறித்த காய்களை நிழலில் 10 நாட்களுக்குக் குறையாமல் உலர்த்தி, விதையைப் பிரிக்க வேண்டும். எக்டேருக்கு 200 முதல் 250 கிலோ, ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோ உலர்ந்த விதை நல்ல விளைச்சல். காய்த்தோலையும் தனியே வாங்குகிறார்கள்.

காய் பறித்த கையோடு சிலர் கொடியை அறுத்துப் போட்டுக் கிழங்கைத் தோண்டிவிடுகிறார்கள். பெரிய தவறு இங்கேதான் நிகழ்கிறது. கொடியில் பச்சை இருக்கும்வரை சத்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. பச்சைக் கொடியோடு எடுத்த கிழங்கின் தோல் மெல்லியதாக, விரல் நகம் பட்டாலே உரியும்படி இருக்கும். அத்தகைய கிழங்கு கோடையைத் தாண்டாது. காய் பறிப்பு முடிந்ததும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். கொடி தானாக மஞ்சளித்து, காய்ந்து, இழுத்தால் அடியோடு கையில் வந்துவிடும் பக்குவம் மாசியில் வரும். அதுவரை பொறுப்பதுதான் சிக்கனம்.

எடுப்பதா, மண்ணிலேயே விடுவதா?

ஒரு முறை நட்ட கிழங்கை எடுக்காமல் நான்கைந்து ஆண்டுகள் மண்ணிலேயே விட்டுவைத்துக் காய் பறிப்பவர்கள் பலர். தண்ணீர் தேங்காத செம்மண், அழுகல் நோய் தென்படாத வயல், கிளுவைக் கொடிக்கால் அல்லது கம்பிப் பந்தல் நிலையாக இருக்கும் இடம் என்றால் அப்படி விடுவதே நல்லது. கிழங்குக்கு மண்ணை விடச் சிறந்த கிடங்கு இல்லை. கோடையில் அந்த நிலத்துக்குத் தண்ணீர் காட்டாமலும், உழாமலும், மேலே காய்ந்த தழையைப் பரப்பியும் வைத்தால் போதும்.

நான்கு நிலைகளில் மட்டும் எடுத்துத்தான் ஆக வேண்டும். வயலில் பத்தில் ஒரு செடிக்கு மேல் அழுகல் கண்டிருந்தாலும், கோடை மழையில் தண்ணீர் தேங்கும் தாழ்வான நிலமானாலும், வேறு நிலத்தில் புதிதாக நட எண்ணியிருந்தாலும், நான்கைந்து ஆண்டு ஆகிக் கிழங்குகள் நெருக்கிக் கொண்டிருந்தாலும் தோண்டி எடுப்பது அவசியம்.

தோண்டும் முறை

இந்தக் கிழங்கின் உயிர் முழுவதும் அதன் நுனியில் இருக்கிறது. சேப்பங்கிழங்குபோல் பல கண்கள் கிடையாது. நுனி ஒடிந்தால் அந்தக் கை மண்ணில் கிடந்து வீணாகுமே தவிர முளைக்காது. ஆகவே கொடி நின்ற இடத்தில் மண்வெட்டியைப் போடக் கூடாது. வரிசைக்கு ஒரு அடி தள்ளிச் சால்போல் வெட்டிக்கொண்டு, உள்பக்கமாக மண்ணைச் சரித்துக் கிழங்கைக் கையால் எடுக்க வேண்டும். செம்மண் கல்லாக இறுகியிருந்தால், ஒரு வாரத்துக்கு முன் லேசாக ஒரு தண்ணீர் விட்டு, மண் பொலபொலத்த பிறகு தோண்டலாம். சேறாக இருக்கும்போது தோண்டக் கூடாது.

எடுத்த கிழங்கைக் கூடையில் எறியக் கூடாது. அடியில் வைக்கோல் பரப்பி, அடுக்கி எடுத்துவர வேண்டும். ஒட்டியுள்ள மண்ணைக் கையால் தட்டிவிட்டால் போதும். தண்ணீரில் கழுவினால் கிழங்கு பளிச்சென்று இருக்கும், ஆனால் பத்து நாளில் பூசணம் பிடிக்கும்.

மூன்று குவியல்

வீட்டுக்கு வந்ததும் கிழங்குகளை மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

முதல் குவியல்: 50 கிராமுக்கு மேல் எடையுள்ள, நுனி கெடாத, காயமில்லாத கிழங்குகள். இவை நடவுக்கு.

இரண்டாம் குவியல்: நுனி நன்றாக இருந்தும் எடை குறைந்த சிறு கிழங்குகள். இவற்றைத் தனியே சேமித்து, தனிப் பாத்தியில் நெருக்கி நட்டு ஓர் ஆண்டு வளர்த்தால் நடவுக் கிழங்காகிவிடும். பெரிய கிழங்கோடு கலந்து நட்டால் வயலில் கொடிகள் ஏற்றத்தாழ்வாக நிற்கும்.

மூன்றாம் குவியல்: மண்வெட்டி பட்டவை, நுனி முறிந்தவை, மெதுமெதுப்பானவை, கரும்புள்ளி கண்டவை. இவற்றை விதைக்கு வைக்கவே கூடாது. ஒரு கிழங்குதானே என்ற இரக்கம் ஒரு பானையையே கெடுத்துவிடும்.

கலப்பைக் கிழங்கின் இரு கைகளையும் பிரிப்பதானால் நடவுக்கு முன் பிரித்துக்கொள்ளலாம். சேமிக்கும்போதே ஒடித்தால் ஒடித்த இடம் அழுகலுக்கு வாசலாகும். தற்செயலாக ஒடிந்த கிழங்கை ஒடிந்த முகம் நன்றாக உலர்ந்து பொருக்குக் கட்டும்வரை தனியே வைத்திருந்து, பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

நிழலில் பதப்படுத்துதல்

பிரித்த கிழங்குகளைக் காற்றோட்டமுள்ள கொட்டகையில், நிழலில், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி ஒரு வாரம் முதல் 10 நாள் வரை விட வேண்டும். இந்த நாட்களில் தோல் இறுகும், சிறு சிராய்ப்புகள் ஆறும், மேல் ஈரம் போகும். வெயிலில் போட்டுச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. மாசி வெயிலில் ஒரு பகல் கிடந்தாலே நுனிக்குருத்து வெந்துபோகும். கிழங்கு பார்க்க நன்றாக இருந்தாலும் ஆடியில் முளைக்காது.

குளிர் நாட்டிலும் இதே பாடம்

மேல்நாடுகளில் டேலியாப் பூச்செடிக்கும் இதே கதைதான். மெக்சிகோவைச் சேர்ந்த அந்தச் செடி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இலையுதிர் காலக் கடைசிவரை பூக்கும். முதல் உறைபனியில் இலை கருகியதும் கிழங்கைத் தோண்டி, உலர்த்தி, மணலிலோ மரத்தூளிலோ புதைத்து, உறையாத குளிர்ந்த அறையில் வசந்தம்வரை வைப்பார்கள். அவர்களுக்குப் பகை உறைபனி. நமக்குப் பகை பங்குனி, சித்திரை வெக்கையும், இடையிடையே வரும் கோடை மழையின் ஈரமும். பகை வேறானாலும், நல்ல கிழங்கை மட்டும் உலர்த்தி, காற்றுப்பட, ஒன்றோடொன்று உரசாமல் வைக்க வேண்டும் என்ற பாடம் ஒன்றுதான்.

சேமிக்கும் வழிகள்

குறைந்த அளவுக்கு மண்பானையே சிறந்தது. அடியில் நாலு விரல் கனத்துக்கு நன்றாகக் காய்ந்த ஆற்று மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு அடுக்குக் கிழங்கு, மீண்டும் மணல் என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஒரு கிழங்கு மற்றொன்றைத் தொடக் கூடாது. ஒன்று அழுகினாலும் நடுவில் உள்ள மணல் தடுத்துவிடும். கடற்கரை உப்பு மணல் உதவாது. பானை வாயை மெல்லிய துணியால் கட்டினால் காற்றும் போகும், எலியும் நுழையாது.

அளவு கூடுதலானால் கூரைக் கொட்டகையின் தரையில் அரை அடி மணல் மேடு அமைத்து, அதன்மேல் இரண்டு மூன்று அடுக்குகளுக்கு மிகாமல் இதே முறையில் வைக்கலாம். சுற்றிலும் சிறு வாய்க்கால் வெட்டினால் கோடை மழைத் தண்ணீர் உள்ளே வராது. ஓலைக் கூரையோ ஓட்டுக் கூரையோ நல்லது. தகரக் கொட்டகையின் கீழ் வைத்தால் கிழங்கு வெந்துவிடும்.

காலி உரச் சாக்கிலும், பிளாஸ்டிக் பையிலும் கட்டி வைப்பது கிழங்கைக் கொல்லும் வழி. கிழங்கும் மூச்சு விடுகிறது. அந்த மூச்சின் ஈரமும் சூடும் பைக்குள்ளேயே அடைபட்டு, நடுவிலிருந்து அழுகத் தொடங்கும். மேலே உள்ளவற்றைப் பார்த்து நாம் ஏமாந்துபோவோம்.

பதினைந்து நாளுக்கு ஒரு பார்வை

சேமித்துவிட்டோம் என்று ஆடிவரை மறந்துவிடக் கூடாது. பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை ஒவ்வொரு பானையிலும் நாலைந்து கிழங்குகளை எடுத்துப் பார்க்க வேண்டும். அழுத்தினால் மெதுமெதுப்பாகி, வாடை வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். அந்தப் பானையைக் கொட்டி, கெட்டவற்றை நீக்கி, மணலை மாற்ற வேண்டும். அழுத்தம் இருந்தும் தோல் சுருங்கி எடை குறைந்தால் வெக்கை மிகுதி. பானையை வேறு குளிர்ந்த மூலைக்கு மாற்றி, பானையைச் சுற்றித் தரையில் மட்டும் தண்ணீர் தெளிக்கலாம். கிழங்கின்மேல் ஒரு சொட்டும் படக் கூடாது.

எத்தனை கிலோ வைத்தோம், எத்தனை கிலோ நீக்கினோம் என்று ஒரு நோட்டில் குறித்துவந்தால், எந்த முறை நம் வீட்டுக்கு ஒத்துவருகிறது என்பது இரண்டு ஆண்டில் தெரிந்துவிடும்.

ஆனி பிறந்ததும் நுனிக்குருத்து வெளுத்துப் பருக்கத் தொடங்கும். அதுவே நடவுக்கு அழைப்பு. குருத்து நீண்டுவிட்டால் தொட்டாலே ஒடியும். ஆகையால் முளை தெரியும் முன்பே சால்களைத் தயாராக்க வேண்டும். ஒரு அடி ஆழச் சால் எடுத்து, தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி வைத்தால், கிழங்கைப் படுக்கைவாக்கில் வைத்து மூட வேண்டியதுதான். நடவுக்கு முன் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் கார்பென்டாசிம் மருந்து கலந்த கரைசலில் கிழங்கை 30 நிமிடம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி நட்டால் அழுகல் கட்டுப்படும். கையுறை போட்டுக்கொள்ள வேண்டும்.

மறக்கக் கூடாத எச்சரிக்கை

வள்ளிக்கிழங்கு, சர்க்கரைவள்ளி என்று தவறாக எண்ணி இக்கிழங்கைத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. உலர்ந்தாலும், வேகவைத்தாலும் இதன் நஞ்சு போய்விடுவதாக நம்பக் கூடாது. மருந்தாகும் அதே கோல்சிசின்தான் அளவு மீறினால் நஞ்சாகிறது. ஆகவே சேமிக்கும் இடம் அடுப்படியாகவோ, உணவுக் கிழங்கும் தானியமும் இருக்கும் அறையாகவோ இருக்கக் கூடாது. தனி இடம், பூட்டுள்ள கதவு, பானையின்மேல் பெரிய எழுத்தில் "நஞ்சு" என்ற குறிப்பு ஆகிய மூன்றும் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும், வீட்டுக்கு விருந்து வரும் பிள்ளைகளுக்கும் வாயால் சொல்லிவைப்பது அவசியம்.

கழித்த கிழங்கை எருக்குழியிலோ, மாட்டுத் தீவனத்தோடோ போடக் கூடாது. காய்ந்த கொடியையும் ஆடு மாடு மேய விடக் கூடாது. கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்ட, ஆழமான குழியில் புதைத்துவிட வேண்டும்.

யாரேனும் தவறி உண்டுவிட்டால், ஒன்றும் ஆகவில்லையே என்று காத்திருப்பதுதான் பேராபத்து. வாந்தியும் வயிற்றுப்போக்கும் சில மணி நேரம் கழித்தே தொடங்கும். அதற்குள் நஞ்சு உடலில் ஏறிவிடும். கை மருந்து எதுவும் கொடுக்காமல், 108 ஆம்புலன்சை அழைத்து உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மிச்சக் கிழங்கையும் கையோடு எடுத்துப்போய், கண்வலிக்கிழங்கு என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். வயிற்றுக் கோளாறு என்று மட்டும் சொன்னால் நேரம் வீணாகும்.

இப்போதே செய்ய வேண்டியவை

வயலில் பூ இருக்கும் இந்த நாட்களிலேயே வடிகாலைச் சரிபார்த்து, அழுகல் கண்ட இடங்களில் குச்சி நட்டு வையுங்கள். மார்கழி, தையில் காய் பறித்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். மாசியில் கொடி காய்ந்த பிறகே தோண்டுங்கள். அதற்குள் பானையும் காய்ந்த மணலும் பூட்டுள்ள ஓர் இடமும் தயாராக இருக்கட்டும். இவற்றுக்குப் பெரிய முதல் தேவையில்லை. பொறுமையும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கமும் இருந்தால் போதும். விதை விலை எப்படி இருந்தாலும், வரும் ஆடியில் சொந்தக் கிழங்கை எடுத்து நடுகிற விவசாயி கடனில்லாமல் சாகுபடியைத் தொடங்குவார்.